பிளக்மெயில் என்னும் சொல்லும் காவற்கூலியின் வரலாறும்

ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சுவழக்கினுள் அப்படியே வந்து வழங்கும் கூட்டுச்சொற்களுள் 'பிளக்மெயில்' என்பதும் ஒன்றாகும். பிறரது மறைவொன்றை அறிந்த ஒருவன், அதனை வெளியிடாதிருப்பதற்குப் பணமோ வேறு நன்மையோ கேட்டு மிரட்டுவதையே இச்சொல் இன்று குறிக்கின்றது. 'பிளக்' என்பது கறுப்பு. 'மெயில்' என்பது தபால். எனவே கயவனொருவன் எழுதியனுப்பும் மொட்டைக் கடிதத்திலிருந்தே இச்சொல் பிறந்திருத்தல் வேண்டும் எனப் பலர் கருதுவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடையேயும் இக்கருத்து பரவலாக உண்டு. கருத்துப் பொருத்தமானதாகத் தோன்றினும் உண்மை அதுவன்று. இச்சொல் எழுந்த காலத்திலும் இடத்திலும் தபால் என்றொரு சேவையே பொதுமக்களுக்கு இருக்கவில்லை. அதைக் கொடுத்தோரிற் பலரும் வாங்கியோரிற் பலரும் எழுத்தறியாதவர்கள். அங்கே கைமாறியவை பணமும் தானியமும் மாடுகளுமே.

ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் வழங்கும் 'மெயில்' என்னும் சொற்கள் மூன்று உள. தபாலைக் குறிக்கும் சொல் பை என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றிலிருந்து வந்தது. கடிதம் கொண்டுசென்ற பையின் பெயர் பின்னர் கடிதத்துக்கே ஆயிற்று. போர்வீரன் அணிந்த வளையக் கவசத்தைக் குறிக்கும் சொல், வலைக்கண்ணைக் குறித்த வேறொரு பிரெஞ்சுச் சொல்லின் வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. மூன்றாவது சொல் வடபுலத்தது. பேச்சு, உடன்பாடு என்னும் பொருளில் ஸ்கந்திநேவியரிடம் வழங்கிய 'மால்' என்பதே அதன் மூலம். பேசி முடித்த உடன்பாட்டின்படி செலுத்தப்படுவது என்னும் பொருளில் அது ஸ்கொத்லாந்தில் நிலவாடகைக்குப் பெயராயிற்று. குத்தகைக்காரன் நிலவுடைமையாளனுக்குக் கொடுத்த வாரமே 'மெயில்'. அவ்வாறு கொடுத்துப் பயிரிடப்பட்ட நிலம் 'மெயிலிங்'. ஸ்கொத்லாந்துச் சட்டமொழியிலும் நிலவாடகை வழக்குகளின் பெயரில் இச்சொல் நெடுங்காலம் நிலைத்திருந்தது. ஆகவே 'பிளக்மெயில்' என்னும் பண்புத்தொகையைத் தமிழிற் பெயர்ப்பதாயின் 'கறுப்புக் கடிதம்' எனப் பெயர்த்தல் பொருந்தாது. 'கறுப்பு வாரம்' அல்லது 'கறுப்புக் குத்தகை' என்றே பெயர்த்தல் வேண்டும்.

அடைமொழியான 'கறுப்பு' எதனைச் சுட்டிற்று என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வெள்ளி நாணயத்திற் செலுத்திய வாடகை 'வெள்ளை வாடகை' எனப்பட்டதால், மாடாகவும் தானியமாகவும் உடலுழைப்பாகவும் செலுத்தியது 'கறுப்பு வாடகை' ஆயிற்று என்பது ஒரு விளக்கம். 18ஆம் நூற்றாண்டின் புகழ்வாய்ந்த ஆங்கிலச் சட்ட அறிஞரான வில்லியம் பிளக்ஸ்ரன், 1766இல் வெளிவந்த தமது விளக்கவுரையின் இரண்டாம் தொகுதியில் இவ்விளக்கத்தையே தருகின்றார். அவர் நூலின் அப்பகுதியில் பிளக்மெயில் ஒரு குற்றமாக அன்றி, வாடகை வகைகளுள் ஒன்றாகவே இடம்பெறுகின்றது. கறுப்பு என்பது தீமையைக் குறிக்கும் வெறும் அடையே என்பது மற்றொரு விளக்கம். கப்பமாகச் சென்ற ஸ்கொத்லாந்து மாடுகளைக் 'கறுப்பு மாடுகள்' எனப் பொதுவாக அழைக்கும் வழக்கத்தோடு தொடர்புபடுத்துவோரும் உளர். இவற்றுள் எது சரியாயினும், 'மெயில்' என்ற வருமொழியே வரலாற்றாய்வுக்கு முக்கியமானது. கொடுத்தவனும் வாங்கியவனும் தம்மிடையே நடப்பதைக் கொள்ளை என்று அழைக்கவில்லை. குத்தகை என்றே அழைத்தனர். ஆங்கே ஓர் உடன்பாடு இருந்தது என்பதைச் சொல்லே காட்டிநிற்கின்றது.

இச்சொல் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்தில் வழங்கக் காண்கின்றோம். அவ்வெல்லைப்புறம் இங்கிலாந்துப் பக்கம் மூன்றும் ஸ்கொத்லாந்துப் பக்கம் மூன்றுமாக ஆறு காவற் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு காவலதிபதியின்கீழ் இருந்தது. இரு அரசுகளின் சட்டங்களுக்கும் வேறான எல்லைச் சட்டமொன்று 1249இலேயே அங்கு தொகுக்கப்பட்டிருந்தது. இரு நாட்டுப் படைகளும் மாறிமாறி எரித்தழித்த நிலத்திற் பயிர்த்தொழில் நிலைக்கவில்லை. இன்று விதைத்ததை அறுவடைக் காலத்தில் யார் கொண்டுசெல்வார் என்பது எவருக்கும் தெரியாது. ஓட்டிச் செல்லக்கூடிய செல்வமாகிய கால்நடையே அங்கு பொருளாதாரத்தின் அடிப்படையாயிற்று. ஓட்டிச் செல்லக்கூடியதைப் பிறனும் ஓட்டிச் செல்லலாம். ஆம்ஸ்ற்றோங், எலியற், கிரஹாம், ஸ்கொற், கெர் முதலிய குலத்தவர் இரவிற் குதிரையேறிச் சென்று கால்நடை கவர்வதைத் தொழிலாகவே கொண்டிருந்தனர். 'றீவர்' எனப்பட்ட இவர்களுக்கு எல்லைக்கோடு ஒரு தடையன்று, ஒரு வசதி. ஒரு நாட்டிற் கவர்ந்து மறுநாட்டில் ஒளித்தல் எளிதாயிருந்தது. இரு அரசுகளும் உரிமை கோரி எவரும் ஆளாது விட்ட 'தகராறு நிலம்' என்னும் பகுதியொன்றுகூட அங்கிருந்தது. 1552இலேதான் அது அகழி வெட்டிப் பிரிக்கப்பட்டது.

கவர்தலைப் போன்றே தொடர்தலுக்கும் வழமை இருந்தது. மாட்டைப் பறிகொடுத்தவன், எரியும் புற்கரியை ஈட்டி முனையில் ஏந்திக்கொண்டு, 6 நாட்களுக்குள் எல்லை தாண்டியும் கள்வரைத் தொடரலாம். வழியிலுள்ளோர் அவனுக்கு உதவவேண்டும். சங்க இலக்கியத்தின் வெட்சித் திணையையும் கரந்தைத் திணையையும் அறிந்த தமிழ் மாணவனுக்கு இவ்வுலகம் முற்றிலும் அந்நியமானதாகத் தோன்றாது. ஆயினும் குதிரையும் ஆளும் இல்லாத ஏழைக் குத்தகைக்காரனுக்குத் தொடரும் உரிமையால் விளைந்த பயன் சிறிது. அவனுக்கு வேறொரு வழி இருந்தது. வலிய குலமொன்றின் தலைவனுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்துவிட்டால், அக்குலத்தவர் அவனைத் தொடமாட்டார். பிறர் தொட்டாலும் மீட்டுத் தருவர். இதுவே பிளக்மெயில். நிலவுடைமையாளனுக்குக் கொடுத்தது வெறும் மெயில். பாதுகாவலனாகிய கள்வனுக்குக் கொடுத்தது கறுப்பு மெயில். ஒரே குடியானவன் இரண்டையும் கொடுத்தான். இவற்றுள் இரண்டாவதற்கே அவன் கைமேற் பயன் கண்டிருத்தல் கூடும்.

அரசுகள் இதனை எதிர்கொண்ட விதம் ஊன்றி நோக்கற்பாலது. 1567இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, எல்லைப்புறத்துக் கள்வருக்குப் பிளக்மெயில் செலுத்தி அவர்தம் உறுதிமொழியின்கீழ் வாழும் உள்நாட்டு மக்களைக் கடிந்துரைக்கின்றது. அவர்கள் தம்மைக் காத்துக்கொண்டு அயலவரைக் கொள்ளையிட இடமளிக்கின்றனர் என்பது சட்டத்தின் குற்றச்சாட்டு. 1601இல், எலிசபெத் அரசியின் ஆட்சி முடிவெய்தும் தறுவாயில், கம்பலாந்து, நோதம்பலாந்து, வெஸ்ற்மோலாந்து, டறம் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி பிளக்மெயில் வாங்குவது மரணதண்டனைக்குரிய பெருங்குற்றம்; கொடுப்பதும் அவ்வாறே பெருங்குற்றம். இன்றைய சட்டம் மிரட்டலுக்குப் பணிந்து பணம் கொடுத்தவனைப் பாதிக்கப்பட்டவனாகக் கொள்கின்றது. 1601ஆம் ஆண்டுச் சட்டமோ அவனைக் குற்றவாளியின் பக்கத்திலேயே நிறுத்திற்று. காவலதிபதியாற் காக்கப்படாத ஒருவன் கள்வனிடம் காவல் வாங்கினாற் கழுமரம். இக்கொடுமைக்குக் காரணம் சட்டமியற்றியோரின் அறியாமையன்று. அரசுக்குச் சேரவேண்டிய ஒன்று, அதாவது குடிகளின் பணிவு, வேறொருவனுக்குச் சேர்கின்றது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். தன்னால் வழங்கமுடியாத பாதுகாப்பைப் பிறரிடம் பெறுவதையே அரசு தண்டித்தது.

1603இல் ஆறாம் ஜேம்ஸ் இரு நாடுகளுக்கும் ஒரே மன்னனானபோது எல்லையே பொருளற்றதாயிற்று. எல்லைப்புறத்தை 'நடு மாவட்டங்கள்' என்று அவன் பெயர்மாற்றினான். பலர் தூக்கிலிடப்பட்டனர், கிரஹாம் குலத்தவர் கூட்டமாக அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டனர். ஒரு தலைமுறைக்குள் எல்லைப்புறத்துப் பிளக்மெயில் பெரிதும் ஒழிந்தது.

அயர்லாந்திலும் இதனையொத்த வழக்கமொன்று முன்னரே இருந்தது. ஆங்கிலக் குடியேற்றத்தின் எல்லையில் வாழ்ந்தோர் கேலிக் குலத்தலைவர்களுக்குக் 'கறுப்பு வாடகை' செலுத்திவந்தனர். குடியானவர் மட்டுமன்றி ஆங்கில அரசின் கருவூலமே லெய்ன்ஸ்ரர் பகுதியின் மக்மறோ தலைவர்களுக்கு ஆண்டுதோறும் 80 மார்க் செலுத்தியது. அரசன் கொடுத்தபோது அதற்குக் கொடை என்ற பெயரும் கிடைத்தது.

இச்சொல்லின் இரண்டாம் வாழ்வு ஸ்கொத்லாந்தின் வடமேற்கு மலைநாட்டிலே தொடங்கியது. மலைநாட்டின் அடிவாரத்திலிருந்த ஸ்ரேர்லிங், டம்பாற்றன் பகுதிகளின் பண்ணைகள் செழிப்பானவை. அவற்றுக்கு மேலே வறிய மலைக்குலங்கள். அங்கு உருவான ஏற்பாட்டுக்குக் 'காவல்' என்றே பெயர் இருந்தது. ஸ்கொத்லாந்து முழுவதும் குரொம்வெல்லின் அரசின்கீழ் இருந்த காலத்தில், 1659 பெப்ரவரியில் ஸ்ரேர்லிங்கிற் கூடிய சமாதான நீதவான்கள் முன்னிலையில் கப்ரன் மக்கிரெகர் என்பவன் ஒரு முறைப்பாடு செய்தான். பல கோவிற்பற்றுகளின் மக்கள் தம் வீடுகளையும் பொருள்களையும் காக்குமாறு தன்னோடு உடன்படிக்கை செய்துகொண்டு இப்போது கூலி தரத் தாமதிக்கின்றனர் என்பதே முறைப்பாடு. நீதவான்கள் அவன் பக்கமே தீர்ப்பளித்து, நிலுவையைச் செலுத்துமாறு கட்டளையிட்டனர். இங்கிலாந்தின் வடபுலத்திற் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் மரணத்தை விதித்த சட்டம் ஏட்டில் இருக்க, ஸ்கொத்லாந்தின் ஒரு நகரில் கொடாதவனைக் கொடுக்கச் செய்தது நீதிமன்றம். செயல் ஒன்றே, அதனை அரசு ஏற்றதா இல்லையா என்பதே வேறுபாடு.

அதே மக்கிரெகர் குலத்திற் பிறந்த றொப் றோய் (1671 - 1734) மாட்டு வாணிகத்தையும் காவலையும் ஒருங்கே நடத்தியவன். மொன்ற்றோஸ் கோமகனுக்குப் பட்ட கடனால் 1712இற் சட்டத்துக்குப் புறம்பானவனாக்கப்பட்ட பின்னரே அவன் கதைகளின் நாயகனானான். அவன் சகோதரனின் மகனான கிளென்கைல் தலைவன் 1741இல் அடிவார நிலவுடைமையாளருடன் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கின்றது. நில மதிப்பின்மீது நூற்றுவீதக் கணக்கில் ஆண்டுக் கட்டணம்; களவுபோன கால்நடையை 6 மாதங்களுக்குள் மீட்டுத் தராவிடின் முழுப் பெறுமதியையும் காவலன் செலுத்தல் வேண்டும்; சில்லறைக் களவுகள் கணக்கிற் சேரா; நாட்டினுள் போர் மூண்டால் ஒப்பந்தம் செல்லாது. காப்புறுதிக் கொம்பனியொன்றின் பத்திரத்தை வாசிப்பது போன்றதோர் உணர்வை இவ்விதிகள் தருகின்றன. போர் பற்றிய விதி வீணாகவும் போகவில்லை. நான்கு ஆண்டுகளில் யாக்கோபியக் கிளர்ச்சி மூண்டது.

இவ்வேற்பாட்டின் மறுபக்கத்தை 1747இல் காட்மோர் நிலவுடைமையாளரான கிரஹாம் என்பவர் எழுதிய குறிப்பொன்று கணக்கிட்டுக் காட்டுகின்றது. மலைநாட்டுக் களவால் ஆண்டொன்றுக்கு ஏற்படும் மொத்த இழப்பு 37,000 பவுண் என்பது அவர் மதிப்பீடு. அதில் உண்மையிற் களவுபோகும் மாடுகளின் பெறுமதி 5,000 பவுண் மட்டுமே. மாட்டைத் தேடி வீணாகச் செலவிட்டது 2,000; மேய்ப்பரையும் காவலரையும் வைத்திருக்க 10,000; களவுக்கு அஞ்சி மேய்ச்சல் நிலத்தில் முழு அளவு மாடுகளை விடாததால் ஏற்பட்ட நட்டம் 15,000; பிளக்மெயிலாகக் கொடுத்தது 5,000. களவைக் காட்டிலும் களவின் அச்சமே ஆறு மடங்குக்கு மேற்பட்ட செலவை விளைத்தது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. களவில் முதல்வனாயிருந்தவனே காவலுக்கும் தலைவனானான் என்றும் அவர் குறைகூறுகின்றார். பாதிக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் எழுதியதாகையால் எண்களை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் அச்சத்தின் விலையைக் களவின் விலையிலிருந்து பிரித்தெண்ணிய அவர் நுண்மை பாராட்டத்தக்கது.

களவுபோன மாட்டைப் பற்றித் துப்புக் கொடுப்போருக்கு வழங்கிய பணம் 'தாஸ்கல்' எனப்பட்டது. மலைநாட்டில் அரச பணியிலிருந்த எட்வேட் பேற் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் கடிதங்கள், சில குலத்தவர் அப்பணத்தைத் தொடுவதில்லை எனக் குறுவாளின்மீது சத்தியம் செய்ததைக் கூறுகின்றன. மாடு கவர்தல் வீரம், காட்டிக்கொடுத்தல் ஈனம் என்பதே அவர்தம் அறம்.

மலைநாட்டைக் கட்டுப்படுத்த விரும்பிய அரசு முதலில் அக்காவல் முறையையே தன்னுடையதாக்க முயன்றது. 1725இல் ஜெனரல் வேட் திரட்டிய மலைநாட்டுத் தனிப்படைகளே 1739இற் சேனைப்பிரிவாகி, 'பிளக் வொச்' என்னும் புகழ்பெற்ற பெயரால் வழங்கின. அப்பெயரிலும் கறுப்பும் காவலும் இணைந்திருத்தல் காண்க. உடையின் கருநிறத்தால் அப்பெயர் வந்ததென்பர் சிலர். பிளக்மெயிலை அடக்க வந்த காவல் என்பதால் வந்ததென்பர் வேறு சிலர். தனிப்படையொன்றுக்குத் தலைமை தாங்கிய லொவற் பிரபு 1747இல் அரச துரோகத்துக்காகச் சிரச்சேதம் செய்யப்பட்டான் என்பதிலிருந்து, காவலரைக் காவலராகவே வைத்திருத்தல் எத்துணை அரிதாயிருந்தது என்பது புலனாகும். 1746 ஏப்பிரல் 16இல் கலோடன் களத்தில் யாக்கோபியர் முறியடிக்கப்பட்டனர். அதன்பின் ஆயுதப் பறிப்பும், குலத்தலைவரின் பரம்பரை நீதி அதிகாரத்தை ஒழித்த சட்டமும், படைவீதிகளும் வந்தன. காவற்கூலி வாங்கிய தலைவர்கள் வாடகை வாங்கும் நிலவுடைமையாளராயினர். கறுப்பு மெயில் வெறும் மெயிலாயிற்று. அவ்வாடகை ஏறியபோது, ஆடு வளர்ப்பதற்காகக் குடிகள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர்.

வழக்கம் இறந்தபின் சொல் ஏன் வாழ்ந்தது? வோல்ற்றர் ஸ்கொற்றின் நாவல்களே இதற்கு முதற் காரணம் எனலாம். 1814இல் வெளிவந்த 'வேவர்லி'யிலும் 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'றொப் றோய்'யிலும் பிளக்மெயில் கதையோட்டத்தின் ஓர் உறுப்பாகவே அமைந்தது. 'வேவர்லி'யில், தெற்கிலிருந்து வந்த இளைஞனுக்கு இச்சொல்லின் பொருளை ஒரு பெண் விளக்கவேண்டியிருக்கின்றது. இங்கிலாந்து வாசகருக்குச் சொல் புதிது என்பதை ஸ்கொற் அறிந்திருந்தார். நாவல்களின் வாயிலாக அச்சொல் ஆங்கிலம் பேசும் உலகெங்கும் பரவிற்று.

அதே காலத்தில் இலண்டனில் வேறொரு தொழில் வளர்ந்தது. அச்சு மலிந்தது, மானம் மரியாதை என்பவற்றை முதலீடாகக் கொண்ட நடுத்தர வகுப்பும் வளர்ந்தது. பேணாட் கிறெகரி என்பவன் 1831இல் தொடங்கிய 'சற்றரிஸ்ற்' என்னும் பத்திரிகை, செல்வர்தம் குடும்ப இரகசியங்களை அச்சிடாதிருக்கப் பணம் பறிப்பதிற் பேர்பெற்றது. 1843ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் இவ்வகை மிரட்டலைத் தண்டனைக்குரியதாக்கிற்று. இப்புதிய குற்றத்துக்குப் பேச்சுவழக்கில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஸ்கொற்றின் நாவல்களிலிருந்து பழைய சொல் கைகொடுத்தது. ஆயின் பொருள் பெரிதும் மாறிவிட்டது. பழைய பிளக்மெயில் ஊரறிய நடந்தது. புதியது எவரும் அறியாதிருத்தலையே உயிராகக் கொண்டது. பழையதற்கு மாடு மீண்டு வந்தது. புதியதற்கு மௌனம் மட்டுமே கிடைத்தது. பழையவன் தீவைப்பேன் என்றான். புதியவன் உண்மையைச் சொல்வேன் என்றான். உண்மையைச் சொல்லுதல் குற்றமன்று, பணம் கேட்டலும் குற்றமன்று, இரண்டும் சேர்ந்தாற் குற்றமாவது எவ்வாறு என்னும் வினா சட்ட அறிஞரை இன்றும் உழலவைக்கின்றது. ஆங்கிலச் சட்டம் இக்குற்றத்துக்குப் பிளக்மெயில் என்னும் பெயரையே வெளிப்படையாகச் சூட்டியது 1968ஆம் ஆண்டின் களவுச் சட்டத்தின் 21ஆம் பிரிவிலேதான். இதற்குள் 'மெயில்' வாடகை என்பதை மக்கள் முற்றாக மறந்துவிட்டனர். 1980களில் பங்குச்சந்தையில் 'கிறீன்மெயில்' என்றொரு சொல் பிறந்தபோது, 'மெயில்' என்பது பறித்தலைக் குறிக்கும் ஒரு விகுதியாகவே ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் இவ்வாறு இரகசியத்தோடு பிணைந்த சொல், அதே நூற்றாண்டில் இந்தியாவிலே தன் பழைய பொருளில் உயிர்பெற்றது. ஆங்கிலக் கொம்பனியின் அலுவலரிற் கணிசமானோர் ஸ்கொத்லாந்தினர். மராட்டியர் தம் படையெடுப்புக்கு ஆளாகாதிருக்கும் பொருட்டு அயல்நாட்டாரிடம் வாங்கிய 'சௌத்' என்னும் நாலிலொரு பங்கு வரியை ஆங்கில வரலாற்றாசிரியர் பலர் பிளக்மெயில் என்றே எழுதினர். 1719இல் முகலாய அரசவை தக்கணத்தில் அவ்வரியை வாங்கும் உரிமையை மராட்டியருக்குச் சாசனமாகவே வழங்கியது என்பதை அச்சொல் மறைத்துவிடுகின்றது.

தமிழகத்தின் தென்பகுதிக் காவல் முறைக்கும் இதே பெயர் சூட்டப்பட்டது. காவல் அங்கு கள்வர் கண்டுபிடித்த ஒன்றன்று. சோழ பாண்டியர் காலக் கல்வெட்டுகளிலேயே 'பாடிகாவல்' ஓர் உரிமையாகவும் அதற்கான வரியாகவும் பேசப்படுகின்றது. பாண்டியப் பேரரசு தளர்ந்த 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில், புதுக்கோட்டைப் பகுதியின் ஊரவர் தம் பாடிகாவல் உரிமையை வலிமைமிக்க அரையர்களுக்கு விற்றும் கொடுத்தும் பாதுகாப்புத் தேடிக்கொண்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பேரரசு பின்வாங்கிய இடத்திற் காவலன் தோன்றியமை ஸ்கொத்லாந்து எல்லைப்புறத்தை நினைவூட்டுகின்றது. வேறுபாடும் உண்டு. அங்கே கள்வனின் வாய்மொழியாக இருந்தது இங்கே கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்டது. நாயக்கர் காலத்தில் பாளையக்காரர் ஊர்க்காவலோடு, பரந்த நிலப்பரப்புக்குரிய தேசகாவலையும் தமதாக்கிக் கட்டணம் பெற்றனர். களவுபோன பொருளை மீட்டுத் தருவது அல்லது ஈடுசெய்வது காவலனின் கடமை என்பதே காவலின் அடிப்படை விதி. கிளென்கைல் ஒப்பந்தத்தின் விதியும் அதுவே.

1792ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் பாளையக்காரரிடம் திறை வசூலிக்கும் அதிகாரம் கொம்பனியின் கைக்கு வந்தது. அதன்பின் காவற்கட்டணம் சட்டவிரோதமான பறிமுதலாகவே அதிகாரிகளாற் கருதப்பட்டது. ஒரே குடியானவனிடமிருந்து இருவர் வாங்குவதைப் புதிய அரசு பொறுக்கவில்லை. 1799 ஒக்ரோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றிற் தூக்கிலிடப்பட்டான். 1801ஆம் ஆண்டுப் போரின் பின் பாளையங்களின் படைபலமும் காவல் உரிமையும் முற்றாகப் பறிக்கப்பட்டன. ஆயினும் கொம்பனியின் பொலிஸ் சிற்றூர்களைச் சென்றடைய நெடுங்காலம் ஆயிற்று. இடைக்காலத்தில் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிற் கள்ளர், மறவர் சமூகத்தவர் பழைய காவலைத் தொடர்ந்து நடத்தினர். அரச அங்கீகாரத்தை இழந்த காவல், காவல் தராதவனின் மாட்டைக் கவரும் முறையாகவும் பலவிடங்களில் திரிந்தது. களவுபோன மாட்டை இடைத்தரகர் வாயிலாக மீட்பதற்குக் கொடுத்த பணம் 'துப்புக்கூலி' எனப்பட்டது. மலைநாட்டுத் தாஸ்கலும் இதுவும் பெயரளவில் இரட்டையர். ஆனால் தாஸ்கலைத் தொடுதல் இழிவெனப்பட்டது. துப்புக்கூலியோ தொழிலின் ஓர் அங்கமாயிற்று.

மாவட்டக் கையேடுகளை எழுதிய பிரித்தானிய அதிகாரிகள் இவை யாவற்றையும் பிளக்மெயில் என்னும் ஒரே சொல்லில் அடக்கினர். அச்சொல் முற்றிலும் பொய்யன்று. கொடுத்த குடியானவரின் கசப்பு உண்மையானதே. 1896இல் திண்டுக்கல் பகுதி விவசாயிகள் பணம் சேர்த்துத் தமக்கெனக் காவலரை அமர்த்திக் கள்ளர் காவலை விரட்டக் கிளர்ந்தெழுந்தனர். பொதுப்பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாலேயே அது 'பண்டுக் கலகம்' எனப் பெயர்பெற்றது. கள்ளர்தம் வீடுகள் பல எரிக்கப்பட்டன. ஆனால் அச்சொல் செய்த தீங்கு வேறு. ஓர் ஏற்பாட்டின் குற்றத்தை ஒரு சமூகத்தின் பிறவிக் குணமாக்க அது துணைநின்றது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் அடுத்துவந்த ஆண்டுகளிற் கள்ளர்மீது ஏவப்பட்டது. விரல்ரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்பிரல் 3இற் பொலிசார் சுட்டதிற் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இலேயே நீக்கப்பட்டது. றொப் றோய்க்கு ஒரு ஸ்கொற் கிடைத்தார், நாவலின் நாயகனானான். அவனது தொழிலையே செய்த தென்னாட்டுக் காவற்காரனுக்கு விரல்ரேகைப் பதிவேடே கிடைத்தது.

கோலேந்திய மன்னன் குடியிடம் வேண்டுதலை, வேலேந்தி வழிமறிப்பவன் 'கொடு' என்பதோடு ஒப்பிட்டது திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம். தான் விளைக்கும் ஆபத்திலிருந்தே காப்பதாகக் கூறிக் கட்டணம் வாங்குவதில் அரசும் கொள்ளைக் கூட்டமும் ஒத்தன என்று 1985இல் அமெரிக்க சமூகவியலாளர் சாள்ஸ் ரில்லி வாதிட்டார். இவற்றுள் பழையது கூடிய நிதானமுடையதாகத் தோன்றுகின்றது. குறள் எல்லா அரசையும் வழிப்பறி என்னவில்லை. முறைதவறிய அரசையே அவ்வாறு கூறிற்று.

இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, இந்தியச் சட்டக்கோவையைப் பின்பற்றி, பிளக்மெயில் என்னும் சொல்லையே கையாளாது, அச்சுறுத்திப் பறித்தலை 372ஆம் பிரிவில் வரையறுக்கின்றது. பேச்சிலும் பத்திரிகையிலும் ஈழத்துத் தமிழர் இதற்கு வழங்கும் சொல் 'கப்பம்' என்பதாகும். கப்பம் என்பது சிற்றரசன் பேரரசனுக்குச் செலுத்திய திறை. கோட்டை மன்னர் போர்த்துக்கேயருக்குக் கறுவாவாகச் செலுத்தியதையும் அச்சொல்லாலேயே வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் அப்பழம்பொருளிலேயே நின்றுவிட்டது. இலங்கையிலோ, சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே, கடைக்காரனை மிரட்டிப் பறிக்கும் பணத்துக்கும் ஆட்கடத்தல்காரன் கேட்கும் தொகைக்கும் பெயராயிற்று. வாடகையைக் குறித்த வடபுலச் சொல் சென்ற வழியிலேயே, அதனை அறியாமல், திறையைக் குறித்த சொல்லும் இங்கு சென்றிருக்கின்றது. பாடநூலிற் கப்பம் என்று வருவது அரசனுக்குரியது. அன்றைய பத்திரிகையிற் கப்பம் என்று வருவது பொலிஸ் நிலையத்துக்குரியது. இரண்டையும் ஒரே நாளில் வாசிக்கும் மாணவன் சிறிதும் மயங்குவதில்லை.